மடியில் ஒரு பொட்டி

கம்ப்யூட்டர் என்று சொல்ல அக்காவுக்கு வாய் வராது. எல்லாமே அவளுக்குப் பொட்டிதான். தம்பியின் மேசைமேல் கண்ணாடிப் பக்கத்தோடு நீலமும் சிவப்புமாக மின்னிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப் பெரிய பொட்டி. அவள் வேலை பார்க்கும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வருகையைப் பதிகிற கம்ப்யூட்டர் சின்னப் பொட்டி. அப்படிப்பட்டவள் ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, சாக்பீஸ் தூள் படிந்த மேலங்கியைக்கூடக் கழற்றாமல், தம்பியின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கேம் விளையாடுகிற லேப்டாப்பில் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டாள். தம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

தம்பி என்றால் சின்னப் பையன் இல்லை. முன்மண்டை வழுக்கை விழத் தொடங்கிவிட்ட ஆள். சமையலறை அலமாரிகளுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுப்பது தொழில். அது முடிந்தால் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. முகம் பார்த்திராத நான்கு பேரோடு சேர்ந்து ஐந்து பேர் குழுவாக விளையாடுவான். எந்தச் சுவருக்குப் பின்னால் எந்த ஜன்னல், எந்தப் படியேறினால் எந்தக் கூரை என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி என்பதால் அந்த நால்வரும் வைத்த பெயர் மேப். அந்தப் பெயர் வீட்டுக்கு வந்து, பிறகு ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டது. டயாலிசிஸ் வார்டில் நர்ஸ்கூட அவனை மேப் சார் என்றுதான் கூப்பிடுவாள்.

ஆஸ்பத்திரி எதற்கு என்றால், மேப்புக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், ஒரு சாய்வு நாற்காலியில் கிடந்து ரத்தத்தை மெஷினில் சுத்தம் பண்ணிக்கொள்ள வேண்டும். இடது கையில் இரண்டு தடித்த ஊசிகள். அந்தக் கையை அசைக்கக் கூடாது. தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். குடித்ததெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் எடை பார்த்து, எத்தனை கிலோ ஏறியிருக்கிறதோ அத்தனை தண்ணீரை மெஷின் உறிஞ்சி எடுக்கும். நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த மனுஷனுக்கு இது என்ன தலையெழுத்தோ தெரியாது. அவனும் யோசித்து யோசித்துச் சலித்துப்போய் விட்டுவிட்டான்.

விட்டுவிட முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான் என்று நினைத்திருந்தான். அக்காவின் சிறுநீரகம் ஒன்று அவனுக்குப் பொருந்துமா என்று பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. அக்காதான் வலிய வந்து சொன்னாள், நான் தருகிறேன் என்று. அவளுக்குக் கல்யாணம் ஒத்துவரவில்லை. திரும்பி வந்து அப்பா அம்மா விட்டுப்போன மூன்றாம் மாடி வீட்டில் தம்பியோடு இருந்தாள். அவளுக்கு அவன், அவனுக்கு அவள், வேறு நாதி கிடையாது. ரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள், கடைசியாக டாக்டர்கள் அவளை மட்டும் தனியறையில் உட்கார வைத்துப் பேசினார்கள். வெளியே வந்தவளிடம் மேப் கேட்டான். பார்த்துச் சொல்கிறோம் என்றார்களாம்.

அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து அதைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. வந்தது இந்த பேட்டரிக் கேள்விதான்.

கேட்டதற்கு மேப் ஒழுங்காகவே பதில் சொன்னான். கம்ப்யூட்டர் பேச்சு என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். விளையாட ஆரம்பித்தால் பேட்டரி ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தால் பெரிய விஷயம், அதுவும் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் ஓடும், ஆகையால் சார்ஜரைச் சொருகியே வைத்திருக்க வேண்டும், அந்தச் சார்ஜரே ஒரு செங்கல் அளவு இருக்கும் என்றான். விசிறி சுற்றுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் எழுந்து ஓடிவிடுவான் என்றான். அக்கா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் இன்னும் பத்துக் கேள்வியோடு வந்தாள்.

இப்படியே ஒரு வாரம் அந்த வீட்டில் லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்கிற வழக்கு நடந்தது. டெஸ்க்டாப் கட்சிக்கு மேப்பே வக்கீல். அதே காசுக்கு டெஸ்க்டாப்பில் எவ்வளவு வேகம், எவ்வளவு பெரிய திரை, ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம், லேப்டாப்பில் எல்லாவற்றையும் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்துத் தொலைத்திருப்பார்கள் என்று விடாமல் வாதாடினான். போகிற போக்கில், கைப்பிடி வைத்த சின்ன டெஸ்க்டாப் ஒன்று உண்டு, வேண்டுமானால் தூக்கிக்கொண்டு போகலாம் என்றும் சொல்லி வைத்தான். திரையை யார் தூக்குவார்கள், கீபோர்டை யார் தூக்குவார்கள், நான் என்ன கல்யாணச் சீர்வரிசையா கொண்டுபோகிறேன் என்று அக்கா கேட்டதில் அவன் மூக்கு உடைந்தது.

அக்கா சும்மா பேசுகிறவள் இல்லை. தொழிற்சாலையில் அவள் கட்டிங் பிரிவு மேற்பார்வை. துணியை அடுக்கடுக்காக விரித்து மின்சாரக் கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுகிற இடம்; அரை விரல் பிசகினால் அடுக்கு மொத்தமும் வீண். அந்தப் புத்தியோடு அவள் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு டயாலிசிஸ் வார்டுக்கே போனாள். நாற்காலியோடு வருகிற தட்டை அளந்தாள். கைப்பிடிக்கும் கைப்பிடிக்கும் நடுவில் அளந்தாள். பதினெட்டு இஞ்ச் திரை தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பதினாறு இஞ்ச் சரி என்று வந்து சொன்னாள். மெஷின்களுக்கான பிளக்கில் வேறெதையும் சொருக விடமாட்டார்கள். ஜன்னல் ஓர நாற்காலிக்குப் பின்னால் சுவரில் தனி பிளக் ஒன்று இருக்கிறது, டெக்னீஷியனிடம் பேசி அதற்கு அனுமதி வாங்கிவிட்டேன் என்றாள். வலது கையால் மட்டுமே விளையாட வேண்டும் என்பதற்காகப் பக்கவாட்டில் பொத்தான்கள் நிறைந்த மவுஸ் ஒன்றைக் கடைக்காரரிடம் கேட்டு வைத்திருந்தாள். விளையாட்டைப் பற்றி அரிச்சுவடிகூடத் தெரியாதவள் இத்தனையும் செய்தாள்.

மேப்புக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். அவனுக்குச் சந்தேகம்தான் தட்டியது.

"பெரிய பொட்டியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக முடியுமா, நீயே சொல்லு" என்றாள் அக்கா.

"எதுக்குக்கா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்? இன்னும் கொஞ்ச நாள்தானே?"

அக்கா இஞ்ச் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி முடித்து, பிரித்து, மறுபடி சுற்றினாள். அடுப்பில் எதையோ வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு எழுந்து போனாள். அடுப்பில் எதுவும் இல்லை என்பது மேப்புக்குத் தெரியும்.

அலமாரியின் மேல் தட்டில் ஒரு பெட்டி இருந்தது. புது கிராபிக்ஸ் கார்டு. டெஸ்க்டாப்புக்காக மேப் ஆசை ஆசையாக வாங்கியது. ஒட்டிய டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை. ஆபரேஷன் முடிந்தால் சில மாதம் வீட்டிலேயே இருக்கச் சொல்வார்கள், அப்போது பொருத்திக்கொண்டு உட்கார்ந்து ஆசை தீர விளையாடலாம் என்று வைத்திருந்தான். அன்றைக்கு அந்தப் பெட்டியை அண்ணாந்து பார்த்தான். வீட்டில் இருக்கப்போகிறவனுக்குத்தான் டெஸ்க்டாப். அக்கா லேப்டாப் தேடுகிறாள் என்றால் அந்த நாற்காலிதான் இனிமேல் அவன் இடம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வாயால் சொல்ல முடியாததைப் பொட்டியாக வாங்கித் தரப் பார்க்கிறாள். வெறுமனே பொருந்தவில்லை என்றால் அன்றைக்கே சொல்லியிருப்பாளே.

நேருக்கு நேர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். அக்காளும் தம்பியும் ஒரே அச்சு. வாய் கிழியப் பேசுவார்கள், பேச வேண்டியதை மட்டும் பேசமாட்டார்கள்.

லேப்டாப் வந்தது. கறுப்பு, கனம், பின்பக்கம் வெந்நீர்ப் பானை மாதிரி சூடாகும். மேப் அதில் நூறு குற்றம் கண்டுபிடித்தான். ஆனாலும் வார்டில் திறந்து வைத்து முதல் நாள் விளையாடியபோது நான்கு மணி நேரம் போனதே தெரியவில்லை. அதுவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று அக்காவிடம் சொல்லவில்லை.

வார்டில் அவனுக்கு ஒரே ஒரு சிநேகிதர். பக்கத்து நாற்காலியில் படுக்கிற பஸ் டிரைவர். எல்லாருக்கும் டிரைவர் அண்ணன். விசிறிச் சத்தத்தைக் குறை சொல்லாத ஒரே ஆள் அவர்தான். ஏற்றத்தில் கியர் மாற்றாமல் போகிற வண்டி மாதிரி இருக்கிறது, கேட்கச் சுகமாயிருக்கிறது என்பார். எடை பார்க்கிற மெஷின் வார்டு வாசலில் இருந்தது, பக்கத்தில் ஒரு பெஞ்சு. அண்ணன் எப்போதும் முதலில் வந்து எடை பார்த்துவிட்டு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மேப் வந்ததும் ஒன்றும் பேசாமல் கையை நீட்டுவார். மேப் முதுகுப் பையைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு எடை மெஷினில் ஏறுவான். இறங்கியதும் பை திரும்பக் கைக்கு வரும். இது அவர்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளாத ஏற்பாடு.

வீட்டில் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. மேப் அக்காவோடு அளந்துதான் பேசினான். அளக்க வேண்டிய தண்ணீரை அளக்கவில்லை. அக்கா பார்க்கும்போதே ஒரு டம்ளர் கூடுதலாகக் குடிப்பான். அவளைத் தண்டிப்பதாக நினைப்பு. வீங்கியது என்னவோ அவன் கால்தான். அவள் பார்ப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்கிற உரிமையைத் தானே விட்டுக்கொடுத்துவிட்டவள் மாதிரி இருப்பாள்.

ஒரு சனிக்கிழமை போட்டி இருந்தது. குழு கடைசிச் சுற்றுவரை வந்திருந்தது. கிளம்பும்போது அக்கா சார்ஜர் எடுத்துக்கொண்டாயா என்று கேட்டாள். எல்லாம் எடுத்தாச்சு, நீ கவலைப்படுவதற்கு இனி என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு மேப் கதவைச் சாத்தினான். லிப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடியையும் கோபத்தோடேயே இறங்கினான்.

வார்டு வாசல் பெஞ்சு காலியாக இருந்தது. டிரைவர் அண்ணனுக்கு உடம்புக்கு என்ன என்று மேப் பதறிப்போய் நர்ஸைக் கேட்டான்.

"நல்ல சேதிதான் மேப் சார். அவரோட தம்பி கிட்னி குடுக்கிறார். நேத்தே அட்மிட் ஆயிட்டாங்க. இனிமே இங்க வரமாட்டார்."

மேப் சிரித்தான். சந்தோஷம் என்றான். சந்தோஷம் துளிக்கூட இல்லை. வயிற்றெரிச்சல், அப்பட்டமான வயிற்றெரிச்சல். அதற்காக வெட்கம் வேறு. அண்ணன் நல்லவர், நன்றாக இருக்கட்டும், ஆனால் எனக்கு ஏன் இல்லை என்று உள்ளே ஒன்று கத்திக்கொண்டிருந்தது. அந்தக் கத்தலோடு எடை மெஷினில் ஏறி நின்றான். முதுகில் பை இருந்தது. வாங்கிக்கொள்ள நீண்ட கை இல்லை. அவனுக்குக் கழற்றத் தோன்றவில்லை. நர்ஸ் எண்ணை மட்டும்தான் பார்த்தாள். பை அவன் உடம்போடு உடம்பாக அவளுக்கும் பழகிப்போயிருந்தது.

எண்ணைப் பார்த்து அவள் முகம் மாறியது. போன முறையைவிட இவ்வளவு ஏறலாமா, குடம் குடமாகக் குடித்தீர்களா என்று கேட்டாள். மேப் தலையைக் குனிந்துகொண்டான். குடித்தவன்தானே? வீம்புக்குக் குடித்த ஒவ்வொரு டம்ளரும் நினைவுக்கு வந்தது. ஒரேயடியாக எடுக்க முடியாது, இன்றைக்கு முடிந்த மட்டும் எடுக்கிறேன் என்று அவள் மெஷினைத் திருகினாள். குற்றமுள்ள மனசு எதிர்க்கேள்வி கேட்கவில்லை. தண்ணீருக்குக் கணக்குச் சொல்லத் தெரிந்தவன், லேப்டாப்புக்கும் சார்ஜருக்கும் சேர்த்துத் தன் உடம்பிலிருந்து தண்ணீரை எடுக்க விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

விளையாட்டு நன்றாகத்தான் போனது. முதல் ஆட்டம் ஜெயித்தார்கள். இரண்டாவதில் தோற்றார்கள். மூன்றாவதில் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்தது. அழைப்பு மணி கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஆனால் மணியை அழுத்த மவுஸை விட வேண்டும். விட்டால் ஆட்டம் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டான். இயர்போனில் குழுவில் ஒருவன், மேப், எந்தப் பக்கம், மேப், எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். மாடி ஜன்னல் என்று சொல்ல நினைத்தான். நாக்கு புரளவில்லை. திரையின் ஓரங்கள் கறுத்துக்கொண்டே வந்து நடுவில் ஒரு சின்ன வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. அதுவும் அணைந்தது.

கண் விழித்தபோது நாற்காலியைப் படுக்கையாகச் சாய்த்திருந்தார்கள். கால் உயரத்தில், தலை தாழ்வில். உறிஞ்சிய தண்ணீருக்கு ஈடாகக் குழாய் வழியாகச் சலைன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வந்து பார்த்து, தப்பித்தீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எப்படி இப்படி ஆனது என்று நர்ஸுக்குப் புரியவில்லை. கீழே விழுந்துவிடாமல் யாரோ எடுத்து வைத்திருந்த லேப்டாப்பைப் பையில் போட்டு ஓரமாக வைக்கத் தூக்கியவள், தூக்கிய நிலையிலேயே நின்றாள். பையோடு நேராக வாசலுக்குப் போனாள். அதை எடை மெஷினில் வைத்தாள். திரும்பி வந்து பையை நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள்.

"சார், எடை பாக்கும்போது இது முதுகுல இருந்துச்சா?"

மேப் கண்ணை மூடிக்கொண்டான்.

அக்கா மேலங்கியோடே ஓடி வந்தாள், கையில் சாக்பீஸ் தூள், காதோரம் நூல் பிசிறு. நர்ஸ் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தவறு தன்மேலும் இருக்கிறது, பார்த்திருக்க வேண்டும் என்றாள். அக்கா அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் கிடந்த பையைப் பார்த்தாள். பிறகு அங்கிருந்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தம்பியின் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வாங்கிக் குடுத்ததுதான்டா உன்னைக் கொல்லப் பாத்திருக்கு."

பையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"ரிசல்ட் அன்னிக்கே வந்திடுச்சு. பொருந்துது. நல்லாவே பொருந்துதாம். நான்தான் முடியாதுன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டாள். இத்தனை நாள் வீட்டில் காற்றைப்போல் நிறைந்திருந்தது கடைசியில் அவள் வாயால் வந்துவிட்டது. மேப்புக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. ஆனாலும் நெஞ்சில் மிதித்த மாதிரி வலித்தது.

அம்மாவைப் பற்றிச் சொன்னாள். பித்தப்பையில் கல், சின்ன ஆபரேஷன், காலையில் போனால் மறுநாள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார்கள். உள்ளே போன அம்மா வரவில்லை. அதற்குக் கையெழுத்துப் போட்டவள் அக்கா. இந்த முறை டாக்டர்கள் தனியறையில் பேனாவை நீட்டியபோது கை வரவில்லையாம். வேர்த்து வழிந்ததாம். அன்று ஆபரேஷனுக்கு முன் அம்மாவின் வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்த சத்தம் காதில் கேட்டதாம்.

"நாள் முழுக்கக் கத்தி பிடிக்கிறவதான். அது என்மேல படணும்னா முடியலடா. உசிரு மேல எனக்கு அவ்வளவு ஆசைன்னு எனக்கே தெரியாது. ஏதாவது செய்யணும்னுதான் அந்தப் பொட்டியைத் தேடினேன்."

அவள் அழுதாள். முக்காடு போட்டு மறைக்கிற அழுகை இல்லை, மூக்கைச் சிந்திக்கொண்டு அழுகிற அழுகை. எதிர் நாற்காலிக்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். மேப்புக்கு அவள்மேல் கோபம் இருந்தது. அது போகவில்லை, சீக்கிரம் போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் அவள் கையை உதறவும் மனசு வரவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லக்கா. அலமாரி மேல இருக்கிற கார்டை வித்துட்டு, இதைவிட எடை கம்மியான லேப்டாப்பா வாங்கியிருப்பேன்."

அக்கா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டாள். அவன் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொன்னதும் இல்லை.

அடுத்த முறை அக்கா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கூடவே வந்தாள். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. வார்டு வாசலில் அவள் ஒன்றும் பேசாமல் கையை நீட்டினாள். மேப் ஒரு கணம் நின்றான். பிறகு பையைக் கழற்றிக் கொடுத்தான். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எடை மெஷினில் கால் பட்டுவிடுமோ என்பதுபோலச் சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றாள். நர்ஸ் அவன் முதுகை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எண்ணைப் பார்த்தாள். தண்ணீரைக் குறைத்திருந்தான்.

திருப்பிக் கேட்டும் அக்கா பையைத் தரவில்லை. நாற்காலிவரை தானே சுமந்து வந்தாள். தட்டை இழுத்து, லேப்டாப்பை எடுத்து வைத்து, சார்ஜரைச் சுவர் பிளக்கில் சொருகி, மவுஸை அவன் வலது கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தினாள். அழைப்பு மணியை அதற்கும் பக்கத்தில் வைத்தாள். நர்ஸ் தட்டில் ஊசிகளோடு வந்தாள். முதல் ஊசியின் உறையைப் பிரித்ததும் அக்காவின் முகம் வெளுத்தது. இதோ வருகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு வேகமாக வெளியே போனாள்.

மேப் அவளைக் கூப்பிடவில்லை. இடது கையை நீட்டிக் கொடுத்தான்.